துரத்தலும் தெருவோர் உயிரும்

திருகோணமலை நகரின் ஒருபுறம் வங்கக்கடல்; மறுபுறம் உள்துறைமுகம். இடையிலுள்ள நிலமோ ஒடுக்கமானது. கோணேசர் கோயிலுக்குச் செல்லும் அடியார் நடக்கும் வழியிலேயே புள்ளிமான்களும் உலவும். இத்தகைய தெருக்களில், தப்பியோடும் காரைப் பொலிஸார் துரத்துவது தகுமா?

இக்கேள்விக்கு நெடிய வரலாறு உண்டு. பெருங்குற்றங்களுள் ஏறத்தாழ அனைத்திற்கும் மரணதண்டனை விதித்த காலத்து ஆங்கிலச் சட்டம், தப்பியோடும் குற்றவாளியைக் கொல்லவும் இடமளித்தது. தண்டனைகள் தணிந்த பின்னும் அவ்விதி நிலைத்தது. 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனை மறுத்தது: ஓடுகிறான் என்பதற்காக மட்டும் ஒருவனைச் சுடலாகாது, அவனால் பிறர்க்குப் பேரிடர் உண்டென நம்பக் காரணம் வேண்டும். 2007இல், கார் துரத்தல் வழக்கொன்றில், பொதுமக்களின் உயிருக்கு இடர் விளைக்கும் காரை, ஓட்டுபவனுக்குக் கேடு நேரினும், இடித்து நிறுத்தலாம் என்று அம்மன்றம் தீர்த்தது.

இரு தீர்ப்புகளுக்கும் துலாக்கோல் ஒன்றே: பிறர் உயிர். ஆயினும் துரத்தலே அவ்விடரை வளர்ப்பதும் உண்டு. பின்னே வண்டி நெருங்க நெருங்க, முன்னே ஓடுபவன் வேகத்தைக் கூட்டுவான். வண்டியின் இலக்கத்தைக் குறித்து, முன்னுள்ள காவலர்க்கு வானொலிக் கருவி வழியே அறிவிப்பது பல வேளைகளில் மேலான முறை. திருகோணமலையை விட்டு வெளியேறும் பெருவழிகள் சிலவே. அவற்றில் காத்திருப்போர் சந்தைத் தெருவில் சீறிப்பாய வேண்டியதில்லை. தப்பிய கள்வன் நாளை அகப்படலாம். போன உயிர் மீளாது.