கைத்தொழிலும் கல்வியும்

பள்ளியில் கைத்தொழில் கற்பிப்பது எதற்காக? பிழைப்புக்கு வழி காட்டவா, அறிவை வளர்க்கவா? இவ்வினாவுக்கு நம் நாட்டின் அண்மைக்கால வரலாறு விடை தருகிறது. அவ்விடையின் ஒரு பகுதி சென்னைக்கு மேற்கே, அம்பத்தூரிலும் ஆவடியிலும் இருக்கிறது. அதனையே மாணவர்களாகிய உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1937இல் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வி என்னும் கருத்தை முன்வைத்தார். நூற்றல், தச்சு போன்ற ஒரு தொழிலை நடுவே நிறுத்தி, அதன் வழியே ஏனைய பாடங்களைக் கற்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். தக்ளியில் நூற்கும் சிறுவன் நூலை அளந்து கணக்குக் கற்பான். பருத்தி விளையும் நிலத்தை வினவிப் புவியியல் கற்பான். அங்கே தொழில், அறிவுக்கு வாயிலாக நின்றது.

1953இல் இராஜாஜியின் அரசு அந்நாளைய சென்னை மாநிலத்துச் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் வேறொரு திட்டத்தைப் புகுத்தியது. பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைந்தது. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்பது ஏற்பாடு. இருக்கும் ஆசிரியரைக் கொண்டே மேலும் பல பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என அரசு கருதியது. ஆனால், குயவர் மகன் குயவனாகவே நிற்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் இதனைக் ‘குலக்கல்வி’ என்று கூறி எதிர்த்தனர். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

அவ்வெதிர்ப்பு நியாயமானதே என்பது என் கருத்து. ஆயினும் அது தொழிலை எதிர்த்ததன்று. தொழிலைப் பிறப்போடு பிணைத்த முடிச்சை எதிர்த்தது. இவ்வேறுபாட்டை மறந்தால், படித்தவன் உளியைத் தொடலாகாது என்னும் பழைய இழிவுணர்ச்சி வேறு உருவில் வந்து அமரும்.

முடிச்சு அவிழ்ந்த தொழில் எவ்வாறு தழைக்கும்? 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. அங்குள்ள பட்டறையில் லேத்தின் முன் நிற்பவரை இரும்பு குலம் கேட்பதில்லை. வரைபடத்தைப் படிக்கத் தெரியுமா, பிசகாமல் அளக்கத் தெரியுமா என்றே கேட்கிறது.

அடுத்துள்ள ஆவடி இன்னொரு பாடம் சொல்கிறது. அங்குள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதன் வடிவமைப்பு இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தினுடையது. பிறர் வரைந்ததை நாம் செய்தோம். பின்வந்த அர்ஜுன் டாங்கியோ ஆவடியிலேயே இயங்கும் போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனத்தில் வடிவமைக்கப்பட்டது. 1974இல் இசைவு பெற்ற அத்திட்டத்தின் டாங்கி 2004இல்தான் படையிடம் சேர்ந்தது. அப்போதும் அதன் எஞ்சின் ஜெர்மானியருடையது. செய்தலுக்கும் புதிதாய் எண்ணிச் செய்தலுக்கும் இடையே உள்ள தொலைவை இந்த முப்பது ஆண்டுகள் காட்டுகின்றன. அத்தொலைவைக் கடக்கும் பயிற்சி தொழிற்சாலையில் தொடங்கினால் காலம் கடந்துவிடும். பள்ளியிலேயே தொடங்க வேண்டும்.

பிற நாடுகள் இதனை உணர்ந்தன. 1866இல் பின்லாந்து சிற்றூர்ப் பள்ளிகளில் கைவினையைப் பாடமாக்கியது. 1990இல் இங்கிலாந்து வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடத்தை ஆண், பெண் இருபாலார்க்கும் கட்டாயமாக்கியது. அப்பாடத்தில் மாணவர் ஒரு தேவையைக் காண்கிறார், அதற்கு ஏற்றதை வரைகிறார், செய்கிறார், சோதித்துத் திருத்துகிறார்.

இதற்குப் பெரிய கருவிகள் வேண்டுவதில்லை. முக்காலி மேடுபள்ளமான தரையிலும் ஆடாமல் நிற்கிறது, நாற்காலியோ ஆடுகிறது. ஏன்? மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நான்காவது புள்ளி அதில் அமையாமலும் போகலாம். இதனைப் புத்தகத்தில் படித்த மாணவி தேர்வுக்குப்பின் மறக்கக்கூடும். தானே மரம் அறுத்து, கால் பொருத்தி, ஆட்டம் கண்டு, இழைத்துச் சரிசெய்தவள் மறவாள்.

மாணவ நண்பர்களே, தச்சர் மகனுக்கு மட்டும் உளியைத் தருவது அநீதி. எல்லோர் மக்களுக்கும் உளியையும் நூலையும் ஒருங்கே தருவதே கல்வி.