கேண்டிடா உணவுமுறை
கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்னும் பூஞ்சை நலமுள்ள பலரின் வாயிலும் குடலிலும் தீங்கின்றி வாழ்வது. அது குடலில் மிகுவதே தீராத சோர்வு, மந்தம், மூட்டுவலி ஆகியவற்றுக்குக் காரணம் என்றும், சர்க்கரையையும் ஈஸ்ட் சேர்ந்த உணவையும் விலக்கினால் அது ஒடுங்கும் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் வில்லியம் குரூக் 1983இல் எழுதிய நூல் பரப்பியது. இக்கருத்துக்குச் சான்று மிக மெலிது. 1990இல் வெளியான ஆய்வொன்றில் 42 பெண்களுக்குப் பூஞ்சைக்கொல்லியான நிஸ்டாட்டினும் போலி மருந்தும் மாற்றி மாற்றித் தரப்பட்டன. பிறப்புறுப்புத் தொல்லை நிஸ்டாட்டினால் தணிந்தது, உடல் முழுவதற்குமான அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பூஞ்சையைக் கொல்லும் மருந்தே போக்காத சோர்வைப் பூஞ்சையின் மேல் ஏற்றுவது எப்படி?

நீரிழிவு நோயாளிகளுக்குக் கேண்டிடா தொற்று மிகுதியாக வருகிறதே என்பர். உண்மைதான், ஆனால் அங்கே குற்றவாளி கட்டுக்கடங்காத இரத்தச் சர்க்கரை, நலமுள்ளவர் தின்னும் ஒரு துண்டு இனிப்பு அன்று. உணவுமுறையால் தெம்பு வந்தது என்போர் பொய் சொல்வதில்லை. மதுவும் இனிப்பும் குறைந்தால் எவருக்கும் உடல் இலகுவாகும், பூஞ்சை இருந்தாலும் இல்லாவிட்டாலும். இவ்வுணவுமுறையோடு பரிந்துரைக்கப்படும் பூண்டுச் சாறும் கேப்ரிலிக் அமிலமும் ஆய்வகத் தட்டில் பூஞ்சையை அடக்குகின்றன. குடல் ஆய்வகத் தட்டு அன்று. வாய் வெண்படலம், பிறப்புறுப்பு அரிப்பு போன்ற மெய்யான தொற்றுகளுக்கு மருத்துவர் தரும் குளோட்ரிமசோல், ஃபுளுக்கோனசோல் முதலியவையே மருந்து.