பழி பருவத்தின் மேல்: பித்தளைத் தோட்டா உறையின் கதை

ஒரு பழுதுக்கு நாம் இடும் பெயரே அதன் காரணத்தை மறைத்துவிடக்கூடும். உலோகவியலில் ‘பருவ வெடிப்பு’ எனத் தமிழாக்கத்தக்க ஆங்கிலக் கலைச்சொல் ஒன்று உண்டு. அதன் பிறப்பிடமாகப் பலரும் சுட்டுவது ஆங்கிலேயர் கால இந்தியப் படைமுகாம்களை.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குத் தூண்டுகோலான தோட்டாவின் உறை காகிதம். இந்துஸ்தானியிலிருந்து வந்த ‘தோட்டா’ என்னும் சொல் நிலைத்தது. அது குறித்த பொருள் மாறியது. 1860களின் பிற்பகுதியில் எட்வர்டு பாக்சர் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி உறை செய்தார். 1880களின் நடுவில், ஒரே வட்டிலிருந்து இழுத்து நீட்டிய உறை வந்தது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த வட்டைக் கிண்ணமாக அழுத்திப் படிப்படியாக நீட்டுவர். ஒவ்வோர் இழுப்பிலும் பித்தளை இறுகும். இடையிடையே காய்ச்சி இளக்காவிட்டால் அது கிழிந்துவிடும்.

இந்த அறிவு தொழிற்சாலைக்கு மட்டும் உரியதன்று. தமிழில் கன்னார் என்றும் தெலுங்கில் கஞ்சரி என்றும் வழங்கும் பாத்திரத் தொழிலாளர், தட்டத் தட்ட இறுகும் தகட்டை நெருப்பிலிட்டு இளக்கியே மீண்டும் தட்டுவர். இரு மொழிகளும் கலந்து புழங்கும் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி முகாமுக்கு வருவோம். மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைப்பர். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பல உறைகள் பிளந்திருக்கும். குறிப்பாக, குண்டை இறுகப் பற்றிய வாய்ப்பகுதியில். பருவத்தோடு வந்த பழுது ஆதலால் பருவத்தின் பெயரைப் பெற்றது என்பர். பதப்படும் மரத்தில் விழும் பிளவை ஒத்திருந்ததால் வந்த பெயர் என்போரும் உளர். எவ்வழி வந்ததாயினும், உறை செய்யப்பட்ட முறையை அப்பெயர் சுட்டவில்லை.

1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்து பித்தளையைத் தாக்குகிறது. ஆனால் அது மட்டும் போதாது. குளிர்நிலையில் இழுத்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுவிசையும் வேண்டும். இரண்டும் கூடும் இடத்தில் படிகமணிகளின் எல்லை வழியே பிளவு ஓடும். மழையும் லாயமும் பாதிக் காரணமே. மறுபாதி உறைக்குள்ளேயே இருந்தது.

தீர்வு நெருப்புதான், ஆனால் அளவறிந்த நெருப்பு. முழுவதும் இளக்கினால் உறை வலுவிழக்கும். சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சினால் உறுதி பெரிதும் குன்றாமல் உள்விசை தணியும். ஆகவே ‘கன்னார் அறிந்ததை வெள்ளையர் பின்னர் கண்டனர்’ என்று முழங்குவதும் பிழையாகும். தகட்டை வேலைக்கு இளக்குவது வேறு. முடிந்த பொருளின் உள்விசையைத் தணிப்பது வேறு.

சுட்ட உறையை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவோர்க்கும் இவ்வேறுபாடு முக்கியம். ஒவ்வொரு முறை சுடும்போதும் அளவுக்கு அழுத்தும்போதும் கழுத்து இறுகி, நாளடைவில் பிளக்கும். அதனால் கழுத்தை மட்டும் காய்ச்சுவர். அழுத்தத்தைத் தாங்கும் அடிப்பகுதியில் வெப்பம் ஏறினால் ஆபத்து. படைத்துறை உறைகள் பலவற்றின் கழுத்தில் காணும் நிறமாற்றம் தொழிற்சாலையில் காய்ச்சியதன் தடம்.

ஒரே ‘காய்ச்சுதல்’ என்னும் சொல்லுக்குள் இத்தனை செயல்கள் அடங்கிக் கிடக்கின்றன. கலைச்சொல் ஆக்குவோர் ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தால், அதனுள் இருக்கும் பழைய பிழையும் நம் மொழிக்குள் குடியேறும். ‘பருவ வெடிப்பு’ என்பதைவிட ‘உள்விசைப் பிளவு’ என்பது உண்மைக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. தகட்டை இளக்குவதற்கும் விசை தணிப்பதற்கும் கன்னார் பட்டறைகளில் தனித்தனிச் சொற்கள் வழங்கினால், அறிந்தவர்கள் தமிழாயினும் தெலுங்காயினும் கீழே பதியுங்கள்.