ஸ்ரவுட் பள்ளத்தாக்கின் கம்பளி ஆலைகள்

ஒரு தொழில் நலிவுற்றபின் அத்தொழிலுக்கென எழுந்த கட்டடங்களின் கதி யாது என்பது பொருளாதார வரலாற்றில் ஆராய்தற்குரியதொரு வினாவாகும். இங்கிலாந்தின் தென்மேற்கே, குளொஸ்ரர்சயரிலுள்ள ஸ்ரவுட் பள்ளத்தாக்கு இதற்குத் தக்க விடையளிக்கின்றது.

கொற்ஸ்வோல்ட் குன்றுகளினின்று இறங்கும் பிறோம் ஆறும் அதன் கிளையோடைகளும் இங்கு நீர்ச்சக்கரங்களைச் சுழற்றின. நெய்த கம்பளியை நனைத்து அடித்துத் தடிப்பாக்கும் ஆலைகள் இடைக்காலத்திலேயே இக்கரைகளில் அமைந்துவிட்டன. இங்கு சாயமிட்ட செந்நிறத் துணி படைவீரர் சீருடைக்குப் பெயர்பெற்றது. கிழக்கிந்தியக் கம்பனியும் இப்பள்ளத்தாக்கின் துணியை வாங்கிக் கீழைநாடுகளுக்கு அனுப்பிற்று. 1779 இல் திறக்கப்பட்ட கால்வாய், செவேர்ண் ஆற்றுவழியே வந்த நிலக்கரியை ஆலைகளுக்குக் கொணர்ந்தது. 1813 இல் எழுந்த ஸ்ரான்லி ஆலையில், தீ பரவாதிருக்கும் பொருட்டு, இரும்புத் தூண்களே தளங்களைத் தாங்கின.

ஆயினும் இச்சிறப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. நிலக்கரி வயல்களுக்கு அண்மையிலிருந்த யோக்சயர் ஆலைகளின் போட்டிக்கு ஈடுகொடுக்கவியலாது, 1830களில் முதலாளிகள் பலர் முறிந்தனர். கைத்தறி நெசவாளர் நிலையோ அதனினும் இரங்கத்தக்கது. கூலி வேண்டி அவர்கள் 1825 இல் வேலைநிறுத்தஞ் செய்தனர். பின்னர் தறிகள் வீட்டைவிட்டு ஆலைக்குப் பெயர்ந்தபோது பலர் பிழைப்பிழந்தனர். 1837 இல் பிஸ்லி என்னும் ஊரினர் தம் ஏழைகள் சிலரை அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பினர்.

கட்டடங்களோ வேறு தொழில்களை வரவேற்றன. கைத்தடி செய்வோரும் குண்டூசி செய்வோரும் மாவரைப்போரும் அவற்றிற் குடிபுகுந்தனர். லைற்பில் ஆலையில், 1910களில், பாலிலுள்ள கேசின் என்னும் புரதத்தினின்று ஒருவகைப் பிளாஸ்ரிக் செய்யப்பட்டது. அதிலிருந்து பொத்தான்கள் கடையப்பட்டன. ஆடைக்குத் துணியளித்த இடம் ஆடைக்குப் பொத்தானளிக்கும் இடமாயிற்று. எப்லி ஆலை 1980களின் இறுதியிற் சீர்செய்யப்பட்டு மாவட்ட மன்றத்தின் அலுவலகமானது. டன்கேர்க் ஆலை குடியிருப்பாயிற்று; எனினும் அங்கு நீர்ச்சக்கரமும் துணி தடிப்பாக்கும் பொறிகளும் பார்வையாளர்க்கெனப் பேணப்படுகின்றன.

இம்மாற்றங்களுக்குக் காரணம் யாதெனின், அவ்வாலைகளின் அமைப்பேயாகும். பொறிகளுக்கென விடப்பட்ட அகன்ற தளங்களும், நிரைநிரையான சாளரங்களும், ஓயாத நீர்வலுவும் எத்தொழிலுக்கும் இயைந்தன. வெறுமையாய்க் கிடந்த கட்டடம் இடிந்தொழிந்தது. பயன்பட்ட கட்டடமே நிலைத்தது.

கல்லுக்கு எளிதிற் கிட்டிய இம்மறுவாழ்வு, கைத்தறியை நம்பியிருந்தோர்க்குக் கிட்டவில்லை. பழைய ஆலைகளைப் பேணுவோர் அவ்வுழைப்பாளர் வரலாற்றையும் உடன் பேணும்போதே அப்பணி நிறைவெய்தும்.