மிதிவண்டியில் சென்ற பேராயர்



கிறிஸ்துவின் வருகைக் காலம் தொடங்கிவிட்டது. கீத பவனிக்கு நாள் குறித்தாயிற்று. வீடுதோறும் நட்சத்திர விளக்குகள் ஏறத் தொடங்கியிருக்கின்றன. இவ்வாண்டு நம் வாலிபர் சிலர் புதிதாக ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள். அரையாண்டு விடுமுறையில் நடைபெறும் மிதிவண்டி அறப்பயணம் ஒன்றில் சபையின் பெயரால் சேர விரும்புகிறார்கள். ஓட்டுகிற ஒவ்வொருவரும் உற்றார் நண்பரிடம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்குப் பெறுவார். சேரும் தொகை ஆதரவற்றோருக்குப் போகும். “ஐயா, இது தர்மமா, விளையாட்டா?” என்று பெரியவர் ஒருவர் என்னிடம் வினவினார். கேள்வி நியாயமானது. அதற்கான விடையை நம் முன்னோரின் வரலாற்றில் உங்களோடு சேர்ந்து தேட விரும்புகிறேன்.

இத்தகைய பயணங்கள் மேல்நாடுகளில் நன்கு வேரூன்றியவை. 1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெறும் 36 பேர் புற்றுநோய் மருத்துவத்துக்கு நிதி திரட்ட மிதிவண்டியில் புறப்பட்டார்கள். இன்று அப்பயணத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் பங்குபெறுகிறார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கும் நாள்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அணியணியாகப் பொம்மைகளைச் சுமந்துசென்று ஏழைக் குழந்தைகளுக்காகக் கொடுப்பதும் அங்கே வழக்கம். இவற்றை இகழ வேண்டியதில்லை. பிறருக்காக வியர்வை சிந்தும் கால்கள் நல்ல கால்களே.

ஆனால் தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கு இது முற்றிலும் புதியதன்று. கொடுப்பதற்காகப் புறப்பட்டுப் போவது நம் திருச்சபையின் பழைய பழக்கம். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர், விசுவாசத்தினிமித்தம் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டோருக்கு நிலமும் வீடும் வாங்கித்தர 1830இல் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். அன்று பிறர் நிழலில் ஒதுங்கிய மக்களின் வழிவந்தவர்கள், 1903 பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் கூடி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அயல்நாட்டுப் பணத்தை எதிர்பாராமல், தங்கள் காணிக்கையைக் கொண்டே தங்கள் பிள்ளைகளை ஊழியத்துக்கு அனுப்பினார்கள். பெற்றுக்கொண்டிருந்த சபை கொடுக்கிற சபையாக மாறிய நாள் அது.

அதற்கு முன்னின்றவர்களுள் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராம ஆயரின் மகனாகப் பிறந்தவர். அவருடைய வாழ்க்கையின் பெரிய திருப்பங்கள் பல இந்தக் கிறிஸ்துமஸ் காலத்திலேயே நிகழ்ந்தன என்பதைக் கவனியுங்கள். 1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்றுதான் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் பிறந்தது. அதைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவின் பரிசுத்த பவுல் பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் முறை. 1945ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் அவர் ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார்.

1909ஆம் ஆண்டிலேயே அவர் தெலுங்கு பேசும் தோர்னக்கலுக்குச் சென்றுவிட்டார். அது அன்று நிஜாமின் ஆட்சிக்குட்பட்ட பகுதி. இன்று தெலங்கானாவில் உள்ளது. தாய்மொழியை விட்டு வேற்று மொழியைக் கற்றார். பேராயரான பின்பு தம் அத்தியட்சாதீனத்தின் சிற்றூர்களுக்கு மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் பயணம் செய்தார். அவருடைய மனைவி அன்பு அம்மையாரும் உடன் சென்றார். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் நான்கு பேய்கள் என்று கூறி, அவற்றை எதிர்த்து ஊர் ஊராகப் போதித்தார். இந்தப் பேய்கள் ஒரே நாளில் ஓடிப்போகிறவை அல்ல. ஒருமுறை வந்து மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்புகிறவரால் அவற்றை அசைக்கவும் முடியாது. ஆகவே அந்த மிதிவண்டி மறுபடியும் மறுபடியும் போக வேண்டியிருந்தது.

இனி, நம் கேள்விக்கு நேரடியான விடை அவருடைய வாழ்விலேயே கிடைக்கிறது. பேராயராவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1910 ஜூன் மாதத்தில், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள் வந்திருந்த அந்த அவையில் ஆசியாவிலிருந்து சென்றவர்கள் மிகச் சிலரே. முப்பத்தைந்து வயதான அசரியா அங்கே எழுந்து பேசினார். மேல்நாட்டு ஊழியர்கள் தந்த பொருளையும் செய்த தியாகத்தையும் நன்றியோடு ஒப்புக்கொண்டார். ஆயினும் இந்தியத் திருச்சபை அவர்களிடம் அன்பையும் நட்பையும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அவையில் சலசலப்பு எழுந்தது. அந்தச் சொல் இன்றுவரை உலகத் திருச்சபையால் மறக்கப்படவில்லை.

பிரியமானவர்களே, அந்தச் சொல்லை அன்று வெள்ளையருக்குச் சொன்னதாக நாம் வாசித்துவிட்டு நகர்ந்துவிடலாகாது. இன்று கொடுக்கிற இடத்தில் இருப்பவர்கள் நாமே. விடுதிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கையில் பரிசைத் திணித்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறபோது, அந்தப் பிள்ளையின் பெயரையாவது கேட்டறிந்தோமா? நம் பெயர் பதாகையில் பெரிதாக இருக்கிறது. அவன் பெயர் நமக்குத் தெரியாது. பொருள் போய்ச் சேர்ந்தது. நட்பு வழியிலேயே நின்றுவிட்டது.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாள்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, தாமிரபரணி கரைமீறியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுற்றிலும் வெள்ளம். அருகிலிருந்த புதுக்குடி ஊரார் அந்த முன்பின் அறியாத மக்களுக்குச் சமைத்து உணவளித்தார்கள். அவர்கள் ஊரும் அதே மழையில் நனைந்த ஊர்தான். நிதி திரட்டவோ விளம்பரம் செய்யவோ அவர்களுக்கு நேரமில்லை. பசித்தவர் வாசலில் இருந்தார், அடுப்பு எரிந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு நம் அயலார் நமக்கு நடத்திக்காட்டிய பாடம் இது.

ஆகவே வாலிபர்களே, போய்வாருங்கள் என்றே சொல்லுகிறேன். ஆனால் மூன்று காரியங்களை மனதில் வையுங்கள். முதலாவது, பிறரிடம் காணிக்கை கேட்குமுன் உங்கள் பங்கை வையுங்கள். 1903இல் நம் முன்னோர் அப்படித்தான் தொடங்கினார்கள். இரண்டாவது, போகிற இடத்தில் இறங்கி அமருங்கள். அவர்களோடு சேர்ந்து உண்ணுங்கள். ஒருவரின் பெயரையாவது மனதில் எழுதிக்கொண்டு வாருங்கள். மூன்றாவது, ஜூன் மாதத்தில், விளக்கும் பாட்டும் இல்லாத ஒரு சாதாரண நாளில், அதே வாசலுக்கு மறுபடியும் செல்லுங்கள். இயலுமானால் ஒருநாள் ஸ்ரீவைகுண்டம், நாசரேத், மெஞ்ஞானபுரம் வழியாக வெள்ளாளன்விளைக்கும் மிதிவண்டியில் போய்வாருங்கள். எந்த மண்ணிலிருந்து நீங்கள் புறப்படுகிறீர்கள் என்பது அப்போது விளங்கும்.

தோர்னக்கலில் அசரியா கட்டியெழுப்பிய பேராலயம், சாஸ்திரிகள் ஆண்டவரைப் பணிந்துகொண்டதை நினைவுகூரும் பிரசன்னத் திருநாளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். நெடுந்தூரம் வந்த அந்தச் சாஸ்திரிகள் பொக்கிஷங்களை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பவில்லை. வீட்டுக்குள் சென்றார்கள், பிள்ளையைக் கண்டார்கள், பணிந்தார்கள், அதற்குப் பின்புதான் பொக்கிஷங்களைத் திறந்தார்கள். காண்பது முந்தியது, கொடுப்பது பிந்தியது. பெரியவர் கேட்ட கேள்விக்கும் இதுவே விடை. கண்டு, பணிந்து, பின் கொடுத்தால் அது தர்மம். காணாமல் கொடுத்துத் திரும்பினால் அது விளையாட்டே.

ஜெபம்: தூரத்திலிருந்த எங்களைத் தேடி வந்து எங்கள் நடுவில் குடியிருந்த ஆண்டவரே, எங்கள் வாலிபரின் பாதைகளைக் காத்தருளும். நாங்கள் கொடுக்கிறவர்களின் முகத்தில் உம்மைக் காணும் கண்களைத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம் பிதாவே. ஆமென்.