இடுவோரும் இரப்போரும்: காஞ்சிப் பகுதியை முன்வைத்து ஓர் அறச்சிக்கலின் வரலாறு

காஞ்சிபுரம் மாவட்டம் திருப்பெரும்புதூர் வட்டத்தைச் சேர்ந்த பிள்ளைப்பாக்கம் இன்று சிப்காட் தொழிற்பூங்காவின் பெயராகவே பரவலாக அறியப்படுகிறது. தொழிற்சாலைகளும் பழங்கோயில்களும் அருகருகே அமைந்த இவ்வட்டாரத்தில், கையேந்தி நிற்பவருக்குக் காசு இடுவதா என்னும் கேள்வி அன்றாடம் எழக்கூடியது. அது தனிமனிதரின் இரக்கத்தைச் சார்ந்ததாகத் தோன்றினும், அதற்கு விடை கூறும் உரிமை யாருடையது என்பது காலந்தோறும் மாறி வந்துள்ளது.

திருக்குறளின் ஈகை அதிகாரம் பெறுபவரின் வறுமை ஒன்றையே கொடைக்கு அளவுகோலாகக் கொள்கிறது. பெறுபவரின் தகுதிக்கேற்பப் புண்ணியம் கூடும் எனக் கருதிய தருமசாத்திர மரபின் 'பாத்திரம்' என்னும் கருத்தாக்கத்தினின்று இது வேறுபட்டது. எனினும் இரத்தலின் இழிவைக் குறள் மறைக்கவில்லை. 107ஆம் அதிகாரம் அதற்கெனவே அமைந்தது. ஆத்திசூடியிலோ இரத்தலை இகழும் அடியும் இட்டு உண்ணப் பணிக்கும் அடியும் அடுத்தடுத்து நிற்கின்றன. இதனை முரண் எனக் கொள்வது பொருந்தாது. இரப்பவரின் இழிவு இடுபவரின் கடமையைத் தள்ளுபடி செய்வதில்லை என்பதே இவ்வடைவின் உட்கிடை. மணிமேகலை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அதில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. பின்னர் பசியுற்ற காஞ்சிக்கே அமுதசுரபி வந்து சேர்கிறது.

காலனிய ஆட்சியில் இத்திசை தலைகீழானது. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் சென்னையில் தோன்றிய கஞ்சித்தொட்டி மணியக்காரர் சத்திரமாக வளர்ந்தது. அங்குப் பசியே போதிய சான்று. 1876–78 பெரும் பஞ்சத்திலோ, உடல் வலியுள்ளோர் உழைத்தே நிவாரணம் பெறவேண்டும் என்னும் விதி இறுக்கமாக்கப்பட்டது. 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு (ஏறத்தாழ 450 கிராம்) தானியமும் சிறு காசும் மட்டுமே. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். உதவிக்கு 'உரியவர்', 'உரியரல்லாதவர்' எனப் பிரிக்கும் ஆங்கில ஏழையர் சட்டத்தின் பார்வை இவ்வழியே இங்கு வேரூன்றியது எனலாம்.

1945ஆம் ஆண்டுச் சென்னைப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் இரத்தலையே குற்றமாக்கியது. 1959ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டம் ஆடுதல், பாடுதல், குறி சொல்லுதல் ஆகியவற்றைக் காட்டி இரப்பதையும் பிச்சை என வரையறுத்தது. மீண்டும் பிடிபடுவோரைப் பத்தாண்டு வரை அடைத்துவைக்கவும் இடமளித்தது. நாட்டார் கலைஞர் பலருக்கு இவ்வரையறை என்ன பொருள் தந்தது என்பது தனி ஆய்வுக்குரியது. தில்லிக்கு விரிவாக்கப்பட்ட அச்சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை 2018 ஆகஸ்ட் 8 அன்று தில்லி உயர்நீதிமன்றம் செல்லாதனவாக்கியது. இரத்தல் ஒரு சமூகப் பொருளாதாரச் சிக்கல் என்பதை 2021இல் உச்சநீதிமன்றம் சுட்டி, தெருக்களில் அதனைத் தடைசெய்யக் கோரிய வேண்டுகோளை ஏற்க மறுத்தது.

இதற்கு மாறாக, 2025 தொடக்கத்தில் இந்தூர் மாவட்ட நிர்வாகம் பிச்சை இடுவோர் மீதே வழக்குப் பதிவு செய்யப்படும் என அறிவித்தது. பிறர் கொடுப்பதைத் தடுக்கலாகாது என்பது ஆத்திசூடியின் நான்காம் அடி கூறும் நெறி. அது தனிமனிதரை நோக்கிய அறிவுரை, அரசாணையை முன்னுணர்ந்ததன்று.

தில்லித் தீர்ப்பு பம்பாய்ச் சட்டத்தின் தில்லி நீட்சியைப் பற்றியதே. 1945ஆம் ஆண்டுச் சட்டத்தை அது நேரடியாகத் தொடவில்லை. அமுதசுரபி வந்ததாகக் காப்பியம் கூறும் காஞ்சிக்கும், இரப்போருக்கான அரசுப் பராமரிப்பு முகாம் அமைந்த திருவள்ளூர் மாவட்ட மேல்பாக்கத்துக்கும் இடையில்தான் பிள்ளைப்பாக்கம் இருக்கிறது.