வீட்டுக்குள் வந்த கடல்

தைப்பூசத் திருநாளில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து காவடி எடுத்துப் புறப்படும் அடியார்கள், டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் சென்று இறக்குவர். ஃபேரர் பார்க் வட்டாரத்தில் வளர்ந்த எம்போன்றோர்க்கு அந்தப் பாதை கால்களுக்கே மனப்பாடம். சிறுவர்களாகிய எங்களுக்கோ அப்பாதையின் முடிவில் மற்றொரு தரிசனமும் காத்திருந்தது. கோயிலுக்கு அணித்தே, கேனிங் குன்றின் அடிவாரத்தில் நின்ற வான் கிளீஃப் மீன் காட்சிச்சாலையே அது.

கார்ல் வில்லெம் பெஞ்சமின் வான் கிளீஃப் சிங்கப்பூரில் வாழ்ந்த டச்சுக்காரர். 1930ஆம் ஆண்டு மறைந்தவர். நகரை அழகுபடுத்துக எனத் தம் உடைமையை நகராட்சிக்கு எழுதி வைத்தார். அப்பணத்தில் மீன் காட்சிச்சாலை அமைப்பதென முடிவாயிற்று. இடையே உலகப் போர் குறுக்கிட்டது. 1955 செப்டம்பர் 8ஆம் நாள்தான் அதன் கதவுகள் திறந்தன. இருண்ட கூடத்தில் ஒளிரும் கண்ணாடிக்குப் பின்னால் கடல் நின்றது. கடற்கரையில் அலையை மட்டுமே கண்டிருந்த நான், கடலின் உள்முகத்தை முதன்முதலாகக் கண்டது அங்கேதான். 1991இல் செந்தோசாவில் அண்டர்வாட்டர் வேர்ல்டு திறந்தது. வான் கிளீஃபின் காலமும் முடிவை நெருங்கியது. 1998இல் கட்டடமே இடிக்கப்பட்டது.

அந்த நினைவுதான், முதிய வயதில் என் அடுக்குமாடி வீட்டில் இரண்டடித் தொட்டி ஒன்றை வாங்கி வைக்கத் தூண்டியது. உப்பைக் கரைத்து ஊற்றினால் கடல்நீர் ஆயிற்று என்றார் மீன் விற்றவர். நம்பினேன். மறுநாளே மூன்று மீன்களை விட்டேன். ஒன்பதாம் நாள் மூன்றும் மிதந்தன. பேத்தி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, அதுதான் வலித்தது. கடல்நீரை வீட்டில் வைக்க மனிதர் எப்படிக் கற்றார்கள் என்று நூல்களைப் புரட்டத் தொடங்கியது அதன் பிறகே.

எனக்கு முன்னும் பலர் கொன்றுதான் கற்றிருக்கிறார்கள். 1846ஆம் ஆண்டளவில் அன்னா தைன் என்னும் ஆங்கிலப் பெண்மணி, டார்க்கீ கடற்கரையிலிருந்து பவள உயிர்களைச் சாடியில் இட்டு இலண்டனுக்குக் கொண்டு சென்றார். நீர் கெடாதிருக்க ஒரு வழி கண்டார். வீட்டுப் பணிப்பெண் நாள்தோறும் திறந்த சன்னலருகே நின்று, பாத்திரம் விட்டுப் பாத்திரம் நீரை மாற்றி மாற்றி ஊற்றுவாள். அரைமணி, முக்கால்மணி நேரம் இவ்வேலை நடக்கும். காற்று நீரில் கலந்தது, உயிர்கள் பிழைத்தன. அம்மையாரின் பெயரை வரலாறு குறித்துக்கொண்டது. கை வலிக்க ஊற்றியவள் பெயரைத் தேடித் தேடியும் நான் கண்டிலேன்.

1853இல் இலண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஃபிலிப் ஹென்றி காஸ் தம் நூலுக்கு 'அக்குவேரியம்' என்று பெயரிட்டு அச்சொல்லைப் பரப்பினார். சமையலுப்போடு மக்னீசிய, பொட்டாசிய உப்புகளைச் சேர்த்துக் கடல்நீர் செய்யும் முறையையும் வெளியிட்டார். தமிழ்நாட்டிலும் இந்த ஆர்வம் எட்டிப் பார்த்தது. சென்னை மெரினாக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டிலேயே மீன் காட்சிச்சாலை எழுந்தது.

ஆயினும் என் மூன்று மீன்களைக் கொன்றது உப்பின் குறையன்று. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா பிறக்கிறது, அது நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டாக்கும். மற்றொரு வகை நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கிலாத நைட்ரேட்டாக்கும். 1890 அளவில் வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் இவ்வுயிர்களைப் பிரித்துக் காட்டினார். புதுத் தொட்டியில் இவை இல்லை. குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நானோ ஒரே நாளில் குடித்தனம் வைத்துவிட்டேன்.

இவ்வரலாற்றில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி இலண்டனிலிருந்து வந்ததன்று. நம் அண்டை நகரான ஜகார்த்தாவிலிருந்து வந்தது. அங்கு வாழ்ந்த லீ சின் எங் என்பவர், 1961இல் தம் முறையை அமெரிக்க மீன் வளர்ப்பு இதழொன்றில் எழுதினார். பவளப் பாறையின் உயிருள்ள கற்கள், கடல்நீர், நல்ல வெளிச்சம், மெல்லிய காற்றுக் குமிழிகள், இவ்வளவே. கல்லின் துளைகளில் வாழும் நுண்ணுயிர்களே நீரைத் தூய்மை செய்யும். மேலைநாட்டார் பலர் அப்போது இதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னாளில் உலகெங்கும் பவளத் தொட்டிகள் உயிருள்ள கல்லின்மீதே எழுந்தன. கொண்டாட வேண்டிய பெயரை நம் வட்டாரத்திலேயே அறிந்தவர் சிலரே.

கல்லுக்கும் ஒரு விலை உண்டு. பவளத்தையும் பவளக் கல்லையும் கட்டற்று எடுத்தால் கடல் மொட்டையாகும். சிங்கப்பூர் 1986இல் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. கல் பவளங்களின் வாணிகம் அதன் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. இந்தியாவில் 2001 முதல் பாறை அமைக்கும் பவளங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. மீன்களின் கதையும் நல்லதன்று. 1960களில் பிலிப்பைன்ஸ் கடலில் சயனைடு தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் தோன்றியது. மீனோடு பவளமும் மடிந்தது.

இரண்டாம் முறை பொறுமையாக இறங்கினேன். அறுபது சென்டிமீட்டர் நீளம், முப்பது அகலம், முப்பது உயரம். கொள்ளளவு 54 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் வீதம் கடலுப்பு. நம் குழாய்நீரில் குளோரமின் கலந்திருப்பதால் ஓர் இரவு வைத்திருந்தால் போகாது. முறிமருந்து இட வேண்டும். உலர்ந்த கற்களை அடுக்கி, நண்பர் தொட்டியிலிருந்து கையளவு உயிர்க்கல்லை வாங்கி நடுவில் வைத்தேன், தயிருக்கு உறை ஊற்றுவதுபோல. நம் ஊர் வெப்பத்தில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லா நீரையே ஊற்றினேன். ஐந்து வாரம் மீனின்றிக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம். பேத்தி நாட்காட்டியில் கோடிட்டு வந்தாள். ஆறாம் வாரம், கடலில் பிடிக்காமல் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த கோமாளி மீன் இரண்டை வாங்கி வந்தோம்.

இது நடந்து இரண்டாண்டு ஆகிறது. சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு காற்றுப் பம்பு நின்றுவிட்டது. கடைகள் மூடியிருந்தன. கிண்ணத்தால் நீரை மொண்டு, ஒருசாண் உயரத்திலிருந்து மெல்ல ஊற்றினேன், மீண்டும் மொண்டேன். கை கடுத்தபோது பேத்தி கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். விடியும் மட்டும் விட்டுவிட்டு ஊற்றினோம். காலையில் இரண்டு மீன்களும் இரைக்காக மேலே வந்தன.